எக்ஸ் வீட்டுக் குடித்தனம்

2x என்று கரும்பலகையில் எழுதி, x = 3 என்றால் விடை என்ன என்று கேட்டிருந்தேன். அக்கா பென்சிலை அழுத்தி 23 என்று எழுதி, நோட்டை என் முன்னால் நீட்டினார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே ரெண்டு சாத்து சாத்தலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. x இருந்த இடத்தில் மூன்றை வை என்று நான்தானே சொன்னேன்? வைத்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மாட்டுங்காவில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, தாராவியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பாலவாடி அறையில், பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கு வாரம் மூன்று மாலை கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதே பாலவாடியில் ஆயாவாக இருந்தவர். நாற்பதைத் தொட்டிருந்தார். அங்கே இருந்த டீச்சர் ஜூன் மாதம் ஊரோடு போகப்போகிறார். அதற்குள் பத்தாவது தேறினால் அந்த இடம் அக்காவுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வரும். மற்ற பாடங்களையெல்லாம் ஒரே மூச்சில் முடித்திருந்தவரைக் கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டிருந்தது. மார்ச்சில் மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு தேறினாலும் பிரயோசனமில்லை.

எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் பெருக்கல் என்று சொன்னேன். சரி, ஆறு என்று திருத்திக்கொண்டார். அடுத்த கணக்கில் x = 5 என்றேன். அதற்கும் ஆறு என்றே எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு அவருக்கு வந்ததே கோபம்!

“அப்ப மூணுன்னீங்க, இப்ப அஞ்சுங்கீங்க. ஏதாவது ஒரு சொல்லுல நில்லுங்க டீச்சர்.”

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அவர் நியாயம் அவருக்கு. பாலவாடிச் சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. ஒவ்வொரு ஆணியும் ஒரு பிள்ளையின் பைக்கு. ஜூனில் மாட்டினால் அடுத்த கோடை வரைக்கும் அந்த ஆணி அந்தப் பிள்ளைக்குத்தான். மாற்றினால் அழுது ஊரைக் கூட்டிவிடும். எந்த ஆணி யாருடையது என்று அக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எக்ஸையும் அப்படி ஒரு ஆணியாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் மாட்டியது மூன்று, ஆகவே எப்போதும் மூன்று. இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. பிப்ரவரியில் ஒரு மாலை, நாலாவது தடவையாகப் பழைய எண்ணையே போட்டபோது, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: “விடுங்கக்கா. ஒங்களுக்கு இது வராது.”

அக்கா எழுந்தார். கரும்பலகையைத் துடைத்தார், பாயைச் சுருட்டி வைத்தார், போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சந்தில் டிரம், கேஸ் அடுப்பு, மூட்டைகள். வாடகை அக்ரிமென்டின் பதினோரு மாதம் முடிந்து வேறு சந்துக்கு மாறுகிறார்கள். புதிதாகக் குடிவருகிற குடும்பம் தன் மூட்டைகளோடு எதிர்ச் சுவரோரம் நிற்கிறது. அக்கா காலி அறையைக் கழுவிக்கொண்டிருந்தார். “இருந்த எடத்தக் குப்பையா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். துடைப்பத்தை வாங்கித் தண்ணீரைத் தள்ளினேன்.

வேலை முடிந்ததும் அக்கா வாசலில் நின்று அந்தக் குடும்பத்தைப் பார்த்து, “ஆவோ, ஆவோ” என்று கையை ஆட்டினார். அவர்கள் உள்ளே போனார்கள். அக்கா கதவில் எழுதியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி,” என்றார். வகுப்பில் டீச்சர், வாங்க, போங்க. வெளியே நான் வெறும் ஏட்டிதான். “எங்களுக்கு முன்ன இதுல ஒரு தையக்காரர் குடும்பம். பெறவு நாங்க. இப்ப இவுங்க. கதவு நம்பர் மாறலையே?”

“இல்லக்கா.”

“அப்ப எக்ஸு ஆணி இல்ல. ரூமுல்லா!”

என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி ஒரு அட்டைப் பெட்டியின் மேல் எழுத ஆரம்பித்தார். 2(3). 2(5). 2(10). அடைப்புக்குறியைத் தட்டிக்காட்டி, “ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல செவுரு வேணாமா? செவுரு இல்லாமத்தான அன்னைக்கு இருவத்திமூணு ஆயிப்போச்சு” என்றார். எனக்கு மூன்று வருடம் கல்லூரியில் படித்தும் வராத விளக்கம்! “அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புக்கா” என்றேன்.

“தப்புத்தான். இப்ப இந்த டிரம்ம ஒரு கை பிடி.”

பிடித்தேன். அன்று மாலையே வகுப்பு வைத்தோம். x² + 3x, x = -2 என்றேன். மற்றவர்கள் அவசரமாக எண்ணைப் போட்டுக் குழம்பினார்கள். அக்கா முதலில் சுவர்களை மட்டும் எழுப்பினார்: ( )² + 3( ). “மைனஸ்காரன் சண்டையோடதான் வருவான். மொதல்ல செவுரு, பெறவு குடித்தனம்” என்றார். நாலிலிருந்து ஆறு போக, விடை -2. சரி. இப்போது செம்பூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். விடையைப் போனிலேயே பார்த்துவிடுகிற பிள்ளைகள் அவர்கள். அவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன், காலிச் சுவரைக் கட்டாமல் எண்ணைத் தொடக்கூடாது என்று.

ரிசல்ட் வந்த மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் தெரியாத இரண்டு பெண்கள். ஆள் எதற்கு, அழுதால் பிடித்துக்கொள்ளவா என்று பயந்தேன்.

“என்னாச்சுக்கா?”

“பாஸு. தேவைக்கு மேல ரெண்டு மார்க்கு.”

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு விலக்கினார்.

“சரி, போதும். இவ தேவ்நார்ல மீன் விக்கா, இவ பக்கத்து ரூமு. ரெண்டு பேரும் அடுத்த வருசம் எழுதுதாங்க. எக்ஸு வரைக்கும் நானே சொல்லிக் குடுத்துட்டேன். அதுக்கு மேல எனக்கே சரியா பிடிபடல. நீ ஆரம்பி, நானும் ஒக்காந்து கேக்கேன்.”