பூட்டிய கழிப்பறைச் சுவர்

கோபுரத்தைப் படம் எடுக்க ஊரில் எல்லாரிடமும் போன் இருக்கிறது. மலைக்கும் ஆள் குறைவில்லை. நான் சந்துகளை எடுக்கிறவள். பூக்கடை வரிசைக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால் ஒரு நீளச் சுவர் வரும். கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பிடித்துவைத்த இடம், அம்பு பாய்ந்த இதயம், யாரோ யாரையோ திட்டிய திட்டு, எல்லாம் அதில் இருக்கும். "ஏம்மா, வேற நல்ல எடமே கெடைக்கலியா?" என்று கேட்காதவர்கள் கம்மி. கெடைக்கலைங்க என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் புதிதாகக் கரியில், "லேடீஸ் பாத்ரூம் சாவி எங்க?" என்றிருந்தது. அது பெண்கள் கழிப்பறையின் சுவர். எழுதியது பூ விற்கிற அக்கா. விரலில் கரி இருந்தது, அவர் மறைக்கவும் இல்லை. குத்தகைக்காரர் கழிப்பறையைப் பூட்டிப்போட்டு மாசக்கணக்கில் ஆகிறதாம். விடியுமுன் கடை போடுகிற அக்கா, பொழுது சாயும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. "குடிச்சிட்டு எங்க போறது, சொல்லு?" என்றார். படம் எடுத்தேன்.

குத்தகைக்காரர் சுண்ணாம்பு அடித்தார். அக்கா மறுபடி எழுதினார். மறுபடி சுண்ணாம்பு. கடைசியில் குத்தகைக்காரர், மூத்திரம் போகிறவர்களைத் தடுக்க ஊரெல்லாம் செய்கிறதையே செய்தார். சுவரில் வரிசையாகச் சாமி டைல்ஸ் பதித்தார். "இனிமே எவ எழுதறான்னு பாக்கறேன்."

அங்கேதான் மனுஷன் கோட்டைவிட்டார். சாமி இருக்கிற சுவரில் நம் சனம் எழுதாமல் விட்டிருக்கிறதா? பரீட்சை நம்பரிலிருந்து பிள்ளைவரம் வரை எழுதுகிற ஊர் இது. அக்கா டைல்ஸுக்குப் பூ வைத்து, கற்பூரம் ஏற்றி, பக்கத்திலேயே எழுதினார்: "சாமி, பாத்ரூமத் தொறக்க வையிப்பா." பக்கத்துக் கடைக்காரி அதற்குக் கீழே எழுதினாள். ஒரே வாரத்தில் சுவர் நிறைந்துவிட்டது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் குத்தகைக்காரர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். நான் போனைத் தூக்கினேன்.

"போட்டோவெல்லாம் எடுக்காதம்மா. எடுத்ததயும் அழிச்சிடு."

"மாட்டேங்க."

பயம்தான். ஆனாலும் போனை இறக்கவில்லை. அக்கா கடையை விட்டு எழுந்து வந்தார்.

"அடிங்க. சாமிகிட்ட வெச்ச வேண்டுதல உங்க கையாலயே அழிங்க. நாளைக்குப் பௌர்ணமிய வெச்சுக்கிட்டு, அதையும் பாத்துடலாம்!"

கூட்டம் கூடிவிட்டது. சுண்ணாம்பு அடிக்கிற மட்டை வாளியிலேயே கிடந்தது. முறைத்துக்கொண்டே நின்றவர், ஒருவழியாகச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே கூரை வரைக்கும் தண்ணீர் பாட்டில் கட்டுகள். மலை சுற்ற வருகிறவர்களுக்கு விற்க அடுக்கிவைத்திருக்கிறார். அடப்பாவி!

"சாயங்காலம் ஆள் அனுப்பி காலி பண்ணிடறேன்" என்றார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். "ஆளெல்லாம் வேணாங்க. நீங்களே தூக்குங்க, இப்பவே. நாங்க லைன்ல நிக்கிறோம்."

அக்கா பின்னால் பூக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். குத்தகைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கட்டைத் தூக்கினார். அதையும் படம் எடுத்தேன்.