மூன்றாம் மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டு

என் அக்கா பியூலா நிறையப் பேசுவாள் என்று சொன்னால் அந்த நாளில் கீழ்க்கட்டளையில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர். ஆனால் பேச்சு? டாக்டர் கேட்டால் தலையாட்டுவாள், நோயாளி கேட்டால் சிரிப்பாள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. விடை தெரிந்தும் சொல்லாமல் பெஞ்சு மேல் ஏறி நின்றவள் அவள்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்று அம்மா கத்துவாள். அதற்கும் சிரிப்புதான்.

அப்படிப்பட்டவளுக்குப் போய்க் கர்த்தர் பிரெஞ்சு மொழியைக் கொடுத்தார். இதில் என்ன நியாயம் என்று நான் சபையிலேயே எழுந்து கேட்டிருப்பேன். அம்மா தொடையைக் கிள்ளி உட்கார வைத்துவிட்டாள்.

அத்தான் தனசிங் அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவர். எண்பத்தாறில் அவருக்கும் அக்காவுக்கும் மிஷன் ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் சாட் என்ற நாடு, அங்கே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அந்த நாட்டில் பிரெஞ்சு இல்லாமல் வேலை நடக்காது. அதனால் முதலில் ஒரு வருஷம் பிரான்சுக்குப் போய் மொழி படிக்க வேண்டும். மிஷன்காரர்கள் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்கள்: அங்கே முக்கியமாகத் தேவைப்படுவது நர்ஸ். வருஷக் கடைசியில் அக்கா பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஊர் திரும்புவது என்றால் சும்மாவா? இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று. குடியிருந்த வீட்டைக் காலி செய்தாயிற்று. சபையார் மாலை போட்டு, பிரியாணி போட்டு, அழுது, மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பியாயிற்று. இதற்குப் பிறகு கீழ்க்கட்டளைப் பேருந்து நிறுத்தத்தில் வந்து இறங்கினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

பெட்டி கட்டும்போது அத்தானுக்கும் அவளுக்கும் ஒரு சண்டை. கம்பளி வைக்க வேண்டிய இடத்தில் அக்கா எவர்சில்வர் தட்டுகளை அடுக்கினாள். கல்யாணத்துக்கு அம்மா பல்லாவரத்தில் வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் "அருள்மேரி" என்று அம்மா பெயரைக் கடையிலேயே வெட்டியிருந்தார்கள். "குளிருக்குத் தட்டையா போத்திக்கப் போற?" என்று அத்தான் கேட்டார். அவள் பெட்டியை மூடிப் பூட்டினாள். தட்டுகள் பிரான்சுக்குப் போயின.

ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஒரு ஊர். அதன் பெயரை இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வராது. மாதம் ஒரு கேசட் வரும். அம்மாவும் நானும் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்காருவோம். முதல் பக்கம் அத்தான், ஒரு ஜெபம், ஒரு வசனம், பனி எவ்வளவு பெய்தது என்ற விவரம். மறு பக்கம் அக்கா. அதில் பாதி மூக்கு உறிஞ்சும் சத்தம். அத்தான் வகுப்பில் முதல். அவர்கள் குழந்தை ஷீபா பள்ளியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பிரெஞ்சில் சண்டை போடுகிறாள். அக்கா மட்டும் டீச்சர் கேட்டால் சிரிக்கிறாள்.

பதிலுக்கு நாங்களும் பேசி அனுப்புவோம். எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். சத்தம் வந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டுக் கூரையைப் பார்ப்பாள். அந்த இரைச்சலும் கேசட்டில் பதிந்துவிடும். எங்கள் பேச்சைவிட அந்த இரைச்சலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்கும் இப்போது அந்த ஓட்டு வீடும், விமானம் போனதும் தெரு நாய்கள் குரைப்பதும் அடிக்கடி ஞாபகம் வருகின்றன.

கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி அக்கா பலகாரத் தட்டு அனுப்புவார். கிறிஸ்மஸுக்கு எங்கள் தட்டு அங்கே போகும். தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது பைபிளில் இல்லை, ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை பைபிளுக்கு அடுத்தது இதுதான்.

அக்கா அங்கேயும் முறுக்கு சுட்டாள், அதிரசம் சுட்டாள். தட்டில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாள். சொல்லாமல் கொள்ளாமல் அங்கே யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லையாம். கதவுச் சங்கிலிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், தட்டோடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

புது வருஷம் பிறந்தது. ஒரு தட்டும் திரும்பவில்லை. தட்டும் பரிசுதான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அக்காவுக்கோ இதைப் போய்க் கேட்க வாய் இல்லை.

ஒருநாள் படியிறங்கும்போது முதல் மாடிக்காரர் வீட்டு வாசலில் பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் பெயர் வெட்டிய தட்டில்.

அந்த மாதக் கேசட்டில் மூக்கு உறிஞ்சல் இல்லை. "அம்மா, உன் பேர் மேல பூனை நாக்க வக்கிது! எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ, அந்தாளைக் கூப்ட்டு நிக்க வச்சு பிரெஞ்சுலயே திட்டிட்டேன்!" என்றாள். பாதி பிரெஞ்சு, மீதி கீழ்க்கட்டளையாகத்தான் இருந்திருக்கும். அந்த மனிதர் பதறிப்போய்த் தட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாராம். அக்கா அதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் எல்லாத் தட்டையும் மீட்டாள். ஒரு வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது, இன்னொரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்தது.

மூன்றாம் மாடியில் மட்டும் மாட்டிக்கொண்டாள். அங்கே மதாம் ரெனோ என்ற வயதான அம்மாள் தனியாக இருந்தார். தட்டில் இருப்பது என்ன எழுத்து என்று கேட்டார். என் அம்மாவின் பெயர் என்றாள் அக்கா. தட்டு வெறுமனே திரும்பக் கூடாது என்ற கதையையும், சர்க்கரை உள்பட, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். மதாம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்படியென்றால் இன்று தர முடியாது. என்னிடம் போட ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை வா."

வியாழக்கிழமை போனாள். காப்பி கிடைத்தது, தட்டு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் முழங்கால் வலி, அதனால் பலகாரம் செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் அடுப்பு சரியில்லை.

"கிழவி தட்டை அமுக்கப் பாக்குதும்மா," என்றாள் கேசட்டில்.

"வுடாதடி! போய் உக்காந்து கேளு," என்று அம்மா இங்கிருந்து உத்தரவு போட்டாள்.

அக்கா உட்கார்ந்து கேட்டாள். வாரம் தவறாமல் கேட்டாள். கேசட்டின் மறு பக்கம் முழுக்க மதாம் ரெனோவின் முழங்கால், தூக்க மாத்திரை, பாரிசிலிருந்து எட்டிப் பார்க்காத மகன் என்று நிரம்பியது. மதாமுக்கு யார் தப்பாகப் பேசினாலும் கவலையில்லை, பேச ஆள் இருந்தால் போதும். தட்டைக் கொடுத்தால் இந்தப் பெண் வருவது நின்றுவிடும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் அது இங்கே உட்கார்ந்தே புரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான் கடைசியில் புரிந்தது.

ஜூன் மாதம் மிஷன்காரர்கள் வந்தார்கள். ஒரு வயதான நோயாளியிடம் எப்படிப் பேசுவாய் என்று கேட்டார்கள். அக்கா வாயைத் திறந்தாள். முழங்காலிலிருந்து ஆரம்பித்து மகன் வராத துக்கம் வரை கேட்டு, ஆறுதலும் சொல்லி முடித்தாள். போதும் போதும் என்று அவர்களே கையெடுத்துக் கும்பிட்டார்களாம். செய்தி வந்த அன்று எங்கள் சபையில் ஸ்தோத்திர ஜெபம். நான் அழுதேன், மறைக்கவில்லை.

சாட்டுக்குப் புறப்படும் நாள் அக்கா மூன்றாம் மாடிக்குப் போனாள். தட்டு துடைத்துப் பளபளவென்று மேசையில் இருந்தது. அதில் மதாம் தன் கையால் செய்த கேக்குகள். மதாம் அதை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். கேக்குகளைக் கீழே கொண்டுபோய் ஷீபாவிடம் கொடுத்தாள். வழிப்பயணத்துக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கையெல்லாம் அதே தட்டில் கொட்டி மறுபடியும் மாடியேறினாள்.

"இப்போது உங்கள் முறை," என்றாள். "வந்து வாங்கிக்கொள்கிறேன்."

இதைக் கேசட்டில் கேட்டபோது அம்மா, "நல்ல தட்டு, போச்சு," என்றாள். சொல்லிவிட்டு அந்த இடத்தை மறுபடியும் ஓடவிடச் சொன்னாள்.

தொண்ணூற்றிரண்டில்தான் அவர்களுக்கு நீண்ட விடுப்பு கிடைத்தது. பிரான்சில் இறங்கி அந்த ஊருக்குப் போய்விட்டுத்தான் அக்கா ஊர் வந்தாள். ஆள் கறுத்து, இளைத்து, வாயாடியாக வந்தாள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினாள், தையல்நாயகி அக்காவிடம் சாட் நாட்டுக் கதைகளை மூச்சுவிடாமல் சொன்னாள். என்னையே பேசவிடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்து அம்மா கையில் வைத்தாள். மேலே ஒரு துணி முடிச்சு. அம்மா அவிழ்த்தாள். சர்க்கரை.

"கேக்கு சுட முடியலியாமா அவங்களுக்கு?"

"இந்தக் குளிர்காலத்துல தவறிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பூனைக்காரர்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க. அந்த இந்தியாக்காரப் பொண்ணு வரும், வெறுந்தட்டா குடுத்துடாதேன்னு சொன்னாங்களாம்."

அம்மா முந்தானையால் தட்டின் விளிம்பைத் துடைத்துத் தன் பெயரைப் பார்த்தாள்.  வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடியட்டும் என்று வழக்கம்போலக் காத்திருந்தாள்.

"இப்ப நம்ம முறையாச்சேடி," என்றாள். "யார்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறது?"

அன்று காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அக்கா சர்க்கரை முடிச்சை மறுபடியும் கட்டத் தொடங்கினாள்.