பின்னால் பறந்த பந்து

மகளின் பள்ளி அரங்கில் யாரோ எழும்ப, மடிப்பு இருக்கை 'டப்' என்று அடித்தது. எனக்கு அப்பாவின் பேஸ்பால் நினைவு வந்தது.

எங்கள் மொன்றியல் நகர அணி ஒரேயடியாக வேறு நகரத்துக்குப் போகவிருந்த 2004இல், பாதி வெறுமையான அரங்கில் ரசிகர்கள் காலி மடிப்பு இருக்கைகளை அடித்துத்தான் ஆரவாரம் செய்வார்கள். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய அப்பா மட்டும் தப்பான நேரத்தில் அடிப்பார். பந்து மட்டையில் உரசிப் பின்னால் பறந்தால், "ஃபோர்!" என்று துள்ளுவார்.

"அது ஃபவுல் அப்பா, கணக்கில்லை."

"விடு பிள்ளை, வடிவாத்தானே வெட்டினவன்."

கடைசி ஆட்டம் முடிந்து வீரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையசைத்தார்கள். சனம் கலைந்த பிறகும் அப்பா இருக்கையை அடித்துக்கொண்டிருந்தார். "போவம், வாங்கோ" என்றேன்.

"பொறு, அவங்கள் உள்ளுக்குப் போகட்டும். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடேக்க கை காட்ட ஒருத்தரும் இருக்கேல்லை."