தூத்துக்குடி துறைமுகத்துல கேட்ட கேள்வி

கருவாட்டு வாடை... அதோட தார் வாடை. தூத்துக்குடின்னதும் எனக்கு மொதல்ல மூக்குதேன் ஞாபகப்படுத்தும்.

அப்ப எனக்குக் கல்யாணமாகி வாரம்கூட ஆகல. ஊர் கூடிப் பண்ணுன கல்யாணம் இல்ல. நான் தேவதானப்பட்டிப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். என்னைக் கட்டுனவுக வீரபாண்டிப் பக்கம், வெள்ளாமை பாக்குற இந்துச் சம்சாரி வீடு. ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கல. ஆளில்லாத ஒரு மத்தியானத்துல கௌமாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனாக. மாட்டு வண்டியில அம்மையநாயக்கனூரு, அங்கன இருந்து ரயிலு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேத்த கங்காணி ஒருத்தரு கூடப் போனோம்.

கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும்... தோணியில போய்த்தேன் ஏறணும். தோணிக்குப் போற வழியை மறிச்சு போர்ட் போலீஸ். எல்லாரும் மூட்டையை அவுத்துக் காட்டணும். அரிவாள் இருந்தா வாங்கி வச்சுருவாக. கப்பல்ல பஞ்சு மூட்டை ஏத்துறாகன்னு தீப்பெட்டிக்கும் தடை. சுருட்டுக்காரப் பெரியவர் ஒருத்தர் பொலம்பிக்கிட்டே நின்னார்.

எங்க மூட்டையில ரெண்டு சேலை, ஒரு வேட்டி, கொஞ்சம் அவல். போலீஸ்காரர் பாத்தது என் கழுத்தை.

"ஏம்மா... தாலியும் கெடக்கு, சிலுவையும் கெடக்கு?"

சிலுவை எங்க ஆத்தா போட்டுவிட்டது. கழட்ட மனசு வரல.

பொண்ணுகளை ஆசை காட்டிக் கப்பலேத்தி விடுறாகன்னு புகார் வந்துக்கிட்டே இருந்துச்சாம். சந்தேகம் வந்தா விசாரிக்காம அனுப்பக் கூடாதுன்னு சர்க்கார் ஆர்டர். எங்க வீட்டுக்காரவுகளை வெளியில உக்கார வச்சாக. என்னைத் தனியா ஷெட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாக. கங்காணி, "தோணி நிக்காது"ன்னு சொல்லிட்டு மத்த ஆளுகளோட நடந்துட்டார்.

உள்ள இன்ஸ்பெக்டர். எங்க அய்யா வயசிருக்கும்.

"பயப்படாதம்மா. அவன் இங்க இல்ல. உள்ளதைச் சொல்லு. அவன்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தானா?"

"இல்லைங்கய்யா..."

"பின்ன?"

"நான்தேன் அவுகளைக் கூட்டிட்டு வந்தேன்."

எழுதிக்கிட்டிருந்தவர் நிமிந்து பாத்தார்.

நெசம் அதுதேன். "உங்க அய்யா மனசு நோகும், வேணாம் புள்ள"ன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போனவுக அவுக. பக்கத்து மலையில பீர்மேட்டுத் தோட்டத்துக்குப் போனா அண்ணன்மார் தேடி வந்துருவாக, கடல் தாண்டிருவோம்னு சொன்னது நான்.

"வெளியில கேட்டதுக்கு அவன் வேற மாதிரில்லா சொல்லுதான்? நான்தான் இழுத்துட்டு வந்தேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு..."

பொண்ணைக் கடத்துன கேஸ்னா ஜெயில்தேன்.

அவுகளை உள்ள கூப்பிட்டாக.

"ஏம்ப்பா, பொய்யா சொல்லுத?"

அவுக தலையே தூக்கல. "வீட்டை விட்டு ஓடி வந்தவன்னு அவளுக்குப் பேரு வேணாம் சாமி... எம்மேலயே போட்டுக்கங்க."

நான் அழுதுட்டேன். இன்ஸ்பெக்டர் எங்கிட்டத் திரும்பி,

"உனக்குச் சம்மதந்தானா? கடைசியாக் கேக்கேன்."

"சம்மதம்ய்யா!"

வெளியில நின்னவுகளுக்கெல்லாம் கேட்டுருச்சு.

"ஏல, அந்தத் தோணிய நிப்பாட்டுல!"ன்னு அவர் போட்ட சத்தம் இருக்கே... மணல்ல விழுந்து எந்திரிச்சு ஓடுனோம். இடுப்பு வரைக்கும் நனைஞ்சுதேன் ஏறுனோம்.

தோணியில அவுக வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டே எம்பக்கம் குனிஞ்சாக. அப்புறம் மெதுவா, "ஏ புள்ள... அம்புட்டுச் சத்தமாவா சொல்லுவ?"ன்னாக. அவுக காதெல்லாம் செவந்து கெடந்துச்சு.

பெரியாத்துல அணை கட்டித் தண்ணி நம்ம பக்கம் திரும்புனப்புறம் இலங்கையில இருந்து ஊருக்கே வந்துட்டோம். பெரியவுகளும் சமாதானமாயிட்டாக. ரெண்டு போகம் வெளையுது... கொறையில்ல.

போன மாசம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, புதுசாக் கட்டுனவனோட இலங்கைக்குப் போனா. இப்பச் சட்டமெல்லாம் இறுகிப்போச்சாம். கொள்ளைநோய் பயத்துல கேம்ப்புல தங்க வச்சு, துணிக்குப் புகை போட்டு, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துத்தேன் விடுறாகளாம். நல்லதுக்குத்தேன் செய்யிறாக.

எங்க கல்யாணத்துக்கு ஐயரும் வரல, பாதிரியாரும் வரல. எனக்குச் சம்மதமான்னு கேட்ட ஒரே ஆளு அந்த போர்ட் இன்ஸ்பெக்டர்தேன்.

இந்தப் பொண்ணை ஊர்ல ஒருத்தரும் அப்பிடிக் கேக்கல. துறைமுகத்துலயாச்சும் கேட்டாகளான்னு ஆள் விட்டு விசாரிச்சேன்...

கேக்கலையாம்.