வள்ளித்தாய் கட்டிய வேல் பாட்டு

மேலகரத்திலிருந்து தைப்பூசத்துக்கு ஆய்க்குடி முருகனைப் பார்க்க நடந்து போகும் பெண்கள் கூட்டத்தில் நான்கு வருஷம் முன்பாட்டுப் பாடியவள் வள்ளித்தாய். ஒரு அடியை அவள் பாடுவாள், நாற்பது பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். புருஷன் சுடலையாண்டி பட்டாளத்தில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளை நல்ல காரியத்துக்கு யார் முன்னால் நிறுத்துகிறார்கள்? அந்த ஒருநாள் மட்டும் அவளுக்குப் பின்னால் தெருவே நடந்தது. ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் பீடி சுற்றினாள். அடுத்த வீட்டு ரெங்கம்மாளும் இலையும் தூளும் வைத்த தன் சொளவு முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இருவருக்கும் நடுவில் சுடலையாண்டி வாங்கிக் கொடுத்த ரேடியோ இருக்கும். மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். சோகப் பாட்டு வந்தால் வள்ளித்தாய்க்கு விரல் ஓடாது. தத்துவப் பாட்டு என்றால் கொட்டாவி வரும். அவளுக்குப் பிடித்ததெல்லாம் அர்த்தம் ஒன்றும் இல்லாத, துள்ளலான பாட்டுகள்தான். வெளியில் யாராவது அவற்றைப் பற்றிப் பேசினால், “கண்றாவி” என்று முகத்தைச் சுளிப்பாள். முதல் ஆளாகச் சுளிப்பாள்.

எழுபத்தெட்டில் அப்படி ஒரு பாட்டு வந்தது. கிளப்பில் ஒருத்தி கையில் கோப்பையோடு ஆடிக்கொண்டே பாடுவது. பாதிக்கு மேல் வெறும் லாலல்லா. அது வந்தால் ரெங்கம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள், வள்ளித்தாய் ஒலியைக் கூட்டுவாள். கூச்சம் ஒரு பக்கம் இருந்தாலும் விரல்கள் பறக்கும். மூன்று நிமிஷத்தில் சொளவு நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் வள்ளித்தாய் அந்த மெட்டில் வேறு சொல் போட்டாள். “ஆய்க்குடி வாசா, ஆறுமுக ராசா” என்று தொடங்கி, லாலல்லா வந்த இடத்திலெல்லாம் வேல் வேல் என்று வைத்தாள். மூன்று சரணமும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

“ஏட்டி, சாமி குத்தம் ஆயிராதா?” என்றாள் ரெங்கம்மாள்.

“முருகனும் சின்னப் புள்ளதானட்டி. அவனுக்கு மட்டும் துள்ளுத பாட்டு பிடிக்காதா?”

அடுத்து வந்த தைப்பூசத்தில் கூட்டம் நடந்து போகவில்லை, கிட்டத்தட்ட ஓடியது. வெயில் ஏறுமுன்னே ஆய்க்குடி வந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைவர் பரமசிவன் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. ரேடியோவில் செய்தி தவிர வேறெதையும் கேட்காதவர். “இது முருகனே குடுத்த மெட்டு” என்று எல்லோரிடமும் சொன்னார். வள்ளித்தாய் தலைகுனிந்துகொண்டாள். இல்லை அண்ணாச்சி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது அவள் தப்பு. ரேடியோ வைத்திருந்த மற்ற பெண்களுக்கும் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

எண்பத்திரண்டில் தென்காசியைக் கடக்கும்போது வழியில் பெண் சமைந்த சடங்கு வீடு ஒன்று. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அந்தக் கிளப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கூட்டமோ “ஆய்க்குடி வாசா” பாடிக்கொண்டே அதன் நேர் கீழே போய்ச் சேர்ந்தது. லாலல்லாவும் வேல் வேலும் தாளம் பிசகாமல் ஒன்றாகக் கலந்தன. பந்தலில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமன்காரன் ஒருவன் தெருவுக்கே வந்து ஆடினான். பரமசிவன் அண்ணாச்சி நின்றார். அவர் நின்றதும் பாட்டும் நின்றது.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் விசாரணை நடந்தது.

“ஏட்டி ரெங்கம்மா, நீதான கூடவே இருக்கவ. இது அந்த அசிங்கம் பிடிச்ச பாட்டா?”

வள்ளித்தாய் பயப்படவில்லை. ரெங்கம்மாள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், அல்லது இரண்டு பேரும்தான் கேட்டோம் என்பாள். இரண்டு பேர் என்றால் திட்டு பாதியாகிவிடும்.

“எனக்கு என்னத்தத் தெரியும் அண்ணாச்சி,” என்றாள் ரெங்கம்மாள். “ரேடியோ அவ வீட்லதான் இருக்கு. கதவச் சாத்திக்கிட்டுக் கேப்பா. நான் அந்த மாதிரி பாட்டெல்லாம் காதுல வாங்குததே இல்ல.”

கதவைச் சாத்திய கை யாருடையது? வள்ளித்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். ரெங்கம்மாள் மரத்தைப் பார்த்தாள். ரேடியோ வைத்திருந்த மற்ற பெண்கள் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்கள். அண்ணாச்சி வள்ளித்தாயைத் திரும்பிப் போகச் சொன்னார். சிரித்த சடங்கு வீட்டைத் தாண்டித்தான் அவள் தனியாக வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது.

முன்பாட்டு ரெங்கம்மாளுக்குப் போனது. அடுத்த வருஷம் பழைய பக்திப் பாட்டுகளைப் பாடி, உச்சிவெயிலில் நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தார்கள். எண்பத்துநான்கு தைப்பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் ரெங்கம்மாள் வள்ளித்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

“பொம்பளைக எல்லாம் அந்தப் பாட்டத்தான் கேக்காளுவ. போன வருஷம் வெயில்ல நொந்ததுல அண்ணாச்சியும் சரின்னுட்டாரு. மூணாவது சரணம் மறந்துபோச்சு வள்ளி.”

வள்ளித்தாய் இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள். சொல்லித்தருவதில்லை என்று மனதுக்குள் உறுதியாக இருந்தாள். ரெங்கம்மாள் தானாகவே முணுமுணுக்கத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினாள். அந்தப் பாட்டை அப்படிக் கெடுத்துக் கேட்க வள்ளித்தாயால் முடியவில்லை.

“அங்கன இழுக்கணும்,” என்று பாடிக் காட்டினாள். பாடியதும் நிறுத்த முடியவில்லை. மூன்று சரணமும் பாடினாள், இரண்டு முறை. ரெங்கம்மாளும் கூடவே பாடினாள். இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். நாளைக்கு நீயும் வா என்று இப்போது சொல்வாள் என வள்ளித்தாய் நினைத்தாள்.

ரெங்கம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். “காலைல நாங்க இந்தத் தெரு வழியாத்தான் போவோம். கதவச் சாத்தி வச்சுக்கோ, என்ன. உன்னப் பாத்தா அண்ணாச்சி சங்கடப்படுவாரு.”

விடிந்ததும் வள்ளித்தாய் கதவைச் சாத்தினாள். கூட்டம் வந்தது. மூன்றாவது சரணத்தில் ரெங்கம்மாள் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் சரியாக இழுத்தாள். கதவுக்குப் பின்னால் வள்ளித்தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. வாய் மட்டும் தெருவில் போன நாற்பது பேரோடு சேர்ந்து ஒவ்வொரு அடியையும் திருப்பிப் பாடியது.