கோடம்பாக்கம் பாலத்தில் மைனரும் ஹெரால்டும்

கல்யாணமாகி உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்குப் போனபோது என்னோடு ஒரு பழைய மைனர் காரும் போனது. அடையாற்றில் என் அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஹெரால்ட் இருந்தது. இரண்டும் சின்ன கார், இரண்டும் பழசு. மற்றபடி ஒற்றுமையே கிடையாது.

ஹெரால்டுக்கு இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏறலாம், இறங்கலாம். முன்சீட்டில் எப்போதும் மாமியார். ஒருநாள் மயிலாப்பூர் குளத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, தெரிந்த ஒருத்தியோடு ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பித்தார். நான் பின்னால் வெந்துகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் இறங்கிக்கிறேன் அத்தை."

"எங்க போகப்போற? இரு."

மைனருக்கு நான்கு கதவு. அதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமைகளில் நானே அதை ஓட்டிக்கொண்டு அடையாறு போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மாமனார் திருநெல்வேலிக்காரர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். தீபாவளி நெருங்கியதும், ஒரு காரைச் சரக்கு எடுக்கக் கடைக்கு விட்டுவிட்டு மற்றதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எது எதற்கு என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாம். இரண்டிலும் பின்சீட்டில் துணி மூட்டைகளை அடுக்கி, கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி வர வேண்டும். கடை டிரைவர் ஊருக்குப் போயிருந்தார். மைனரை நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"வேண்டாம்ப்பா, ரோட்ல எல்லாவனும் சிரிப்பான்" என்றார் என் கணவர்.

"சிரிச்சிட்டுப் போறான். வண்டி ஏறுதான்னு பாப்போம். நீ எடும்மா" என்றார் மாமனார்.

நல்ல வண்டி வீட்டுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் ஹெரால்ட். மாமனார் பக்கத்தில் உட்கார, கணவர் ஓட்டினார். நான் மைனரில் பின்னாலேயே போனேன். ஹெரால்டுக்கு ஸ்டியரிங் லேசு. குறுகலான தெருவில் ரிவர்ஸ் போடாமலே திரும்பிவிடும். பிக்கப்பும் அதற்குத்தான் அதிகம். ஆனால் மூட்டை ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வளைவில் பின்பக்கம் ஆடியது. கணவர் பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார்.

திரும்பி வந்ததும் மாமனார் என் பக்கத்தில் ஏறினார். மைனர் கிளம்பவே யோசிக்கும். முதல் கியர் விழ வண்டி நிற்க வேண்டும். பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும். ஆனால் ரோட்டைப் பிடித்தால் விடாது. பாலத்தின் பாதியில் முன்னால் போன கைவண்டி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, ஒரு அங்குலம் பின்னால் போகாமல் கிளப்பினேன். மாமனார் திரும்பி மூட்டைகளைத்தான் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

கடை வாசலில் மூட்டை இறக்க வந்த ஆள் மைனரைக் காட்டிச் சிரித்தான்.

"இன்னாம்மா, கெய்வி நல்லா இஸ்துகினு வந்துச்சே. சின்ன மொதலாளி வண்டிதான் மூச்சு வாங்கிக்கினு கீது."

"வாய மூடிட்டு எறக்குடா" என்றார் கணவர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமனார் மைனரின் கூரையைத் தட்டினார்.

"இதான் வண்டி. இது கடைக்கு. பின்சீட்டக் கழட்டிட்டா இன்னும் நாலு மூட்டை போகும்லா."

"நல்லா ஓடறது வீட்டுக்கு இல்லையா மாமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்லத எவனாவது வீட்ல போட்டு வைப்பானா?"

அவர் கேலி செய்யவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான். நல்ல மின்விசிறி, நல்ல கடிகாரம், நல்ல நாற்காலி எல்லாம் கடையில் இருந்தன. வீட்டுக்கு வந்தது மிச்சம். வேண்டுமென்றே வண்டியைப் பாலத்தில் பின்னால் விட்டிருந்தால் மைனர் எனக்கே இருந்திருக்கும். நான்தான் ஒழுங்காக ஓட்டித் தொலைத்தேன்.

"அப்போ வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்கு?"

"வெள்ளிக்கிழமைதாம்மா யாவாரமே" என்று கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.