பின்வளவுக் கராஜில் ஒரு கலியாணம்

லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் பல வருடங்களாக நாங்கள் ஒரு மணவறையோடு குடியிருந்தோம். கலியாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பது எங்கள் சனி, ஞாயிறுத் தொழில். மற்ற நாட்களில் என் கணவர் ரயில் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்வார். எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நாங்கள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர். எங்கள் கலியாணம் கோயிலில் பாதிரியார் முன்னால் நடந்தது. மணவறை என்று ஒன்றை நான் அதற்கு முன் கிட்டப்போய்ப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இவருக்குக் கைவேலையில் பைத்தியம். கூட வேலை செய்த ஒருவரின் தங்கையின் கலியாணத்துக்குப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோமில் தூண்கள் வெட்டி, தங்கப்பூச்சு அடித்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு வளைவு வந்தது, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் வந்தன, பைபர்கிளாஸில் செய்த இரண்டு யானைத்தலைகளும் வந்தன.

எல்லாம் வீட்டுக்குள்தான். தூண்கள் மாடிப்படி ஓரமாக நின்றன. யானைத்தலைகள் குளியல் தொட்டிக்குள் இருந்தன. குளிக்கப் போகிறவர் முதலில் அவற்றைத் தூக்கி வெளியே வைக்கவேண்டும். வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பையன் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

ஒருநாள் காய்ச்சலோடு வேலையால் வந்து படுக்கப் போனேன். கட்டிலின் மேல் இரண்டு அரச நாற்காலிகள் கால் நீட்டிக் கிடந்தன. மண்டபத்தில் யாரோ ஊற்றிய ஜூஸைக் கழுவி, வெல்வெட்டைக் காயவைத்திருந்தார் இவர்.

"இஞ்சேருங்கோ, இந்த வீட்டில ஒண்டில் மணவறை இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும்" என்றேன்.

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், "கராஜ் ஒண்டு கட்டுவம்" என்றார்.

எங்களுடையது தெருவின் கடைசி வீடு. பின்வளவு நீளம், அதற்குப் பின்னால் வான் வரக்கூடிய ஒழுங்கை இருக்கிறது. இவர் கேட்டது சின்னக் கராஜ் இல்லை. வான் உள்ளே வந்து நிற்கவேண்டும். தூண்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கவேண்டும். ஈரமும் குளிரும் பட்டால் தங்கப்பூச்சு கொப்பளித்து உரியும், ஆகவே சுவரெல்லாம் இரட்டையாகக் கட்டி, இடையில் குளிர் தாங்கும் பலகை வைக்கவேண்டும். கவுன்சிலில் கேட்டபோது, இவ்வளவு உயரமென்றால் வேலியிலிருந்து தள்ளிக் கட்டச் சொன்னார்கள். தள்ளியதில் என்னுடைய மின்ட் பாத்தியும் துணி காயப்போடும் கொடியும் போயின. கட்டில் திரும்பக் கிடைக்கிறதே என்று நான் வாய் திறக்கவில்லை.

இவருடைய தமையன் வடலண்டனில், எட்மண்டனில் இருக்கிறார். கட்டட வேலைதான் அவருக்குத் தொழில். இவர் அவரை அண்ணை என்பார், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். சனிக்கிழமைகளில் வந்துவிடுவார். வேலை செய்யும்போது சத்தமாகக் கோயில் பாட்டுப் பாடுவார். அவர் அவர்களுடைய கோயில் பங்கில் பாடகர் குழுவுக்குத் தபேலா வாசிக்கிறவர். தம்பி எதைச் செய்தாலும் அதற்கு ஒரு குறை சொல்வார். இரண்டு பேரும் அளவு நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் தர்க்கப்படுவார்கள். நான் தேத்தண்ணியோடு போனால்தான் நாடா கீழே வரும்.

அத்திவாரம் வெட்டத் தொடங்கியபோதுதான் வேலியோரத்துப் பெயார்ஸ் பழமரத்தின் பிரச்சினை வந்தது. மரம் பக்கத்து வீட்டுக்காரியினுடையது. ஜமேக்காவிலிருந்து சிறுபிள்ளையாக வந்து, லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தெருவில் யார் எங்கே வான் நிறுத்தவேண்டும் என்பதை இன்றைக்கும் அவர்தான் தீர்மானிப்பார். கட்டடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் குழிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "களிமண். பக்கத்தில் மரம் வேறு. வேர் தண்ணீரை உறிஞ்சினால் மண் சுருங்கும், சுவர் வெடிக்கும். இன்னும் ஆழமாக வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணைக்கு ஆழமாக வெட்ட விருப்பமில்லை. "மரத்தைத் தறிச்சால் வேலை சுகம். தங்கச்சி, நீர் போய் அந்த மனிசியிட்டைக் கேளும்" என்றார்.

நான் போய்க் கேட்டேன். அவர் என்னைச் சமையலறையில் இருத்தி, இஞ்சி கேக் வெட்டித் தந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "டார்லிங், உன் கேக்கைச் சாப்பிடு. மரத்தில் ஒரு இலைகூட விழாது" என்றார்.

ஆழமாகத்தான் வெட்டினார்கள். ஒழுங்கை வழியாக வந்த குட்டி டிகர் ஒன்று எங்கள் பின்வளவைக் கிண்டி மஞ்சள் களிமண்ணை மலைபோலக் குவித்தது. வேர் தெரிந்த இடங்களில் எல்லாம் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலால் நின்று, "அதை மரவாளால் அறு, இழுக்காதே" என்று கட்டளையிட்டார். அண்ணை தமிழில் முணுமுணுத்துக்கொண்டு அறுத்தார். அவர் முணுமுணுத்தது எனக்கு விளங்கியது. நல்லவேளை, பக்கத்து வீட்டம்மாவுக்கு விளங்கவில்லை.

டிசம்பர் நத்தார் கழிந்த பிறகு நிலத்துக்குக் கொங்கிறீட் போட்டோம். காலையில் லொறி ஒழுங்கையில் வந்து நின்று, குழாய் வழியாகச் சாம்பல் நிறக் கஞ்சியைக் கொட்டியது. இவரும் அண்ணையும் பலகை பிடித்து மட்டப்படுத்தினார்கள். மத்தியானம் பார்த்தால் கண்ணாடிபோலக் கிடந்தது நிலம். பின்னேரம் வானம் ஒரு முகில் இல்லாமல் வெளித்தது. அண்ணை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு உறையப் போகுது" என்றார். போனில் பார்த்தோம். உண்மைதான்.

"இஞ்சேருங்கோ, சீமெந்துக்கும் குளிருமோ?" என்று கேட்டேன்.

"இறுகிறதுக்கு முன்னம் தண்ணி உறைஞ்சால் மேற்பரப்பு பொரிஞ்சு போகும். பிறகு கூட்டக்கூட்டத் தூள்தான் வரும்" என்றார் இவர்.

அவர் ஆயத்தமாக வைத்திருந்த பொலித்தீன் விரிப்பை முதலில் மூடினோம். அதன் மேல் போட வீட்டிலிருந்த பழைய குயில்ட் போர்வை எல்லாம் கொண்டுவந்தேன். நிலம் முழுக்க மூடப் போதவில்லை. எங்கள் மகள் தன்னுடைய கட்டில் போர்வையையும் கொண்டுவந்து தந்து, "அம்மா, திஸ் இஸ் மாட், பைத்தியக்கார வேலை" என்றாள். அதுவும் போதவில்லை. அப்போது இவர் வீட்டுக்குள் ஓடிப்போய், கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை பொம்பிளை நடந்து வருகிற சிவப்புக் கம்பளத்தைச் சுருளாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த மண்டபத்திலும் ஒரு துளி சாம்பார் விழவிடாமல் அவர் காத்த கம்பளம் அது. நிலத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உருட்டி விரித்தார். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா, "ராணி வருகிறாவா?" என்று கேட்டார்.

விடிந்ததும் இவரும் நானும் மகளுமாக மூன்று பேரும் ஓடினோம். கம்பளத்தின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. இவர் ஒரு மூலையைத் தூக்கி, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் நிலத்தைத் தடவினார். "இளஞ்சூடாய்க் கிடக்கு" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அது குளிர்ந்த சீமெந்துதான், ஆனால் ஓம் என்று தலையாட்டினேன்.

சுவர் எழும்ப நாள் எடுத்தது. உறையும் நாட்களில் கல் வைக்க ஏலாது. அண்ணை வந்து, பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவார். கூரைக்கு மரச்சட்டங்கள் வந்தபோது எங்கள் பங்கு ஆட்கள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து தூக்கித் தந்தார்கள். மாசி நடுவில் கூரை மூடியாயிற்று. கடைசியாகப் பெரிய சுருள் கதவு. அதைப் பொருத்துவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை வந்தார். அடுத்தநாள் எங்களுக்கு பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் இருக்கும் குடும்பம் ஒன்றின் கலியாணம். மணவறையை வானில் ஏற்றி, முதல்முறையாக வானைக் கராஜுக்குள் விட்டுக் கதவை இறக்கினார் இவர். பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. அண்ணை எட்மண்டனுக்குப் போக ஏலாமல் எங்களோடு தங்கிவிட்டார்.

விடியப்புறம் போன் அடித்தது. பொம்பிளையின் தாய். அழுகிற குரல்.

"அக்கா, கலியாண ஹோலில பைப் வெடிச்சுப்போச்சு. சீலிங்கால தண்ணி கொட்டுதாம், பூட்டிப்போட்டாங்கள். மாப்பிள்ளையின்ர தாய் தேப்பன் கனடாவால வந்து நிக்கினம். மாசி முடியப்போகுது, பங்குனியில நாங்கள் கலியாணம் செய்யமாட்டம். எங்கட வீட்டு முன்னறையில உங்கட மணவறையை நிப்பாட்டேலுமோ?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "வளைவு சீலிங்கில முட்டும்" என்றார் இவர் மெதுவாக.

"கராஜுக்க நிக்கும்" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கலியாணப் பதிவு எழுத்து முன்னமே முடிந்திருந்தது. தாலி கட்டுவதுதான் மிச்சம். முகூர்த்தம் பதினொரு மணிக்குப் பிறகு. இவரும் அண்ணையும் வானை ஒழுங்கைக்கு எடுத்துவிட்டு, புது நிலத்தில் கம்பளத்தை விரித்தார்கள். தூண்கள் நிமிர்ந்தன, வளைவு ஏறியது, அதற்கும் கூரைக்கும் இடையில் இன்னும் காற்றுப்போக இடம் இருந்தது. பூசாத சுவருக்கு நான் மகளோடு சேர்ந்து பட்டுத்துணி கட்டினேன். தெரிந்த வீடுகளில் இருந்தெல்லாம் ஹீட்டர் வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் கராஜ் இருண்டது, பியூஸ் போய்விட்டது. திரும்பப் போட்டோம், திரும்பப் போனது.

வேலிக்கு மேலால் ஒரு கை தெரிந்தது. கையில் ஆரஞ்சு நிற வயர்ச்சுருள். "என் வீட்டுக் கரண்டில் பாதியைப் போடு" என்றார் பக்கத்து வீட்டம்மா. வயர் பெயார்ஸ் மரத்தின் கிளையில் தொங்கி எங்கள் பக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே, கோயிலுக்குப் போடும் ஊதாத் தொப்பியோடு, தன் சாப்பாட்டு மேசைக் கதிரைகளையும் கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் பட்டு வேட்டிக்கு மேல் பெரிய ஜக்கெற் போட்டுக்கொண்டு வந்து, "இதெல்லாம் ஒரு ஸ்நோவோ?" என்று கேட்டுவிட்டு, அண்ணையின் சவல் மண்வெட்டியை வாங்கி ஒழுங்கைப் பனி முழுவதையும் தானே வழித்தார். செவன் கிங்ஸிலிருந்து பொம்பிளை நடந்தே வந்தாள். பட்டுச் சேலைக்குக் கீழே தமையனின் ரப்பர் கம்பூட்ஸ். எங்கள் சமையலறையில் அதைக் கழற்றிவிட்டு, மெட்டி போடப்போகிற காலைப் பொயிலருக்குப் பக்கத்தில் நீட்டிச் சூடாக்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்மை கரைந்துபோனது.

ஐயர் சால்வைக்குக் கீழே கம்பளி ஜம்பர் போட்டிருந்தார். ஓமம் வளர்த்ததும் புகை புதுக் கூரைக்குள் திரண்டது. எல்லாரும் இருமத் தொடங்க, இவர் சுருள் கதவை அரைவாசி தூக்கினார். புகை வெளியே போனது, பனி உள்ளே வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் தட்டத்துப் பூவின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டார்.

அப்போதுதான் நாதஸ்வரக்காரர் என் காதருகில் வந்தார். அவர் இல்போர்டிலிருந்து நடந்து வந்தவர். "அம்மா, தவில்காரர் வந்து சேரேல்ல. கெட்டிமேளத்துக்கு என்ன செய்யிறது?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை மூலையில் இருந்த பெயின்ற் வாளிகளைப் பார்த்தார். இரண்டைக் கவிழ்த்துக் காலுக்கிடையில் வைத்தார். ஐயர் விரலை உயர்த்தியதும் அவர் அடித்த அடியில் கூரை அதிர்ந்தது. நாதஸ்வரம் அதற்கு மேலே ஏறியது. அட்சதையாகத் தூவிய அறுகரிசி பறந்தது, தாலி ஏறியது, பக்கத்து வீட்டம்மா எழும்பி நின்று "ஹாலெலூயா!" என்று கத்தினார். அண்ணைக்கு அது தன்னுடைய கோயிலில் வாசிப்பதுபோல ஆகிவிட்டது; கெட்டிமேளம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஐயர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு கேற்றரிங்காரரின் வானிலிருந்து வீல்பரோ தள்ளுவண்டியில் ஏறி வந்தது. இடம் போதாமல் ஆட்கள் எங்கள் வரவேற்பறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் இருந்து சாப்பிட்டார்கள். பொம்பிளையின் தாய் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு மணவறையைக் கேட்டு வந்த போன்களோடு, கராஜைக் கேட்டும் போன்கள் வந்தன. கவுன்சில் எங்களுக்குச் சாமான் வைக்கத்தான் விட்டிருக்கிறது என்று சொல்லி எல்லாரையும் மறுத்தோம். ஒருவர் மட்டும் விடாப்பிடியாக, "அக்கா, அந்த வாளி அடிச்ச ஆளையாவது அனுப்பேலுமோ?" என்று கேட்டார். அதை அண்ணையிடம் சொன்னபோது அவர் பகிடியாக எடுக்கவில்லை. எந்த நாள் என்று கேட்டார்.

கலியாணம் நடந்த அன்றைக்குப் பின்னேரம் எல்லாரும் போன பிறகு நான் நிலத்தைக் கூட்டினேன். அறுகரிசியும் பூவும்தான் வந்தன. சீமெந்துத் தூள் ஒரு துளியும் வரவில்லை. இவர் பின்னால் வந்து விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாத்தினார். மிஞ்சிய சோற்றை இரண்டு வாழையிலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு ஹீட்டரை மட்டும் எரியவிட்டு, கம்பளத்தின் ஓரத்தில் சம்மணம் கட்டி இருந்து சாப்பிட்டோம்.

"கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன். இந்த முறை அது உண்மையாகவே சூடாக இருந்தது.